பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குத் தனி ஏற்பாடு: கேட்டு வாங்குவது எப்படி?

(கிராமத் தம்பதியர் கூட்டத்தில் சுகாதாரக் கல்வியாளர் ஆற்றிய பேச்சின் எழுத்து வடிவம்)



குடும்ப நலக் கூட்டம் என்றால் தடுப்பூசி, கர்ப்பகாலக் கவனிப்பு, குழந்தைக்குக் குழந்தை இடைவெளி இவற்றைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவை எல்லாம் முக்கியம்தான். ஆனால் பெற்ற பிள்ளை படித்து, வளர்ந்து, சொந்தக் காலில் நிற்பதும் குடும்ப நலம்தானே? இன்று அதில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

காது மந்தமான பிள்ளை, பார்வை குறைந்த பிள்ளை, கைகால் வலுவில்லாத பிள்ளை, எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிற பிள்ளை, புத்தி வளர்ச்சி மெதுவாக உள்ள பிள்ளை, இவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சில தனி ஏற்பாடுகள் வேண்டும். "சரிங்க, செய்யறோம்" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியும் விடுகிறார்கள். ஆனால் நடப்பதில்லை. அதை எப்படி நடக்க வைப்பது? இதுதான் இன்றைய பேச்சு.

தனி ஏற்பாடு என்றால் என்ன?

கண் பார்வை குறைந்தவர் மூக்குக் கண்ணாடி போட்டால் அவருக்குச் சலுகை கொடுத்துவிட்டதாக யாராவது சொல்வோமா? மற்றவர் பார்ப்பதை அவரும் பார்க்க அது ஒரு வழி, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் செய்கிற தனி ஏற்பாடும் அப்படித்தான். பாடம் அதே பாடம். அது பிள்ளையிடம் போய்ச் சேருகிற வழி மட்டும் கொஞ்சம் மாறுகிறது.

காது மந்தமான பிள்ளைக்கு முன் பெஞ்சில் இடம் வேண்டும். ஆசிரியர் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே பேசினால் அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் போய்ச் சேராது. "காதுல மெஷின் மாட்டியிருக்கே, அப்புறம் என்ன?" என்று கேட்பார்கள். காது மெஷின் சத்தத்தைப் பெரிதாக்கும். வாத்தியார் குரலோடு மின்விசிறிச் சத்தம், பக்கத்து வகுப்புச் சத்தம், தகரக் கூரையில் விழும் மழைச் சத்தம் எல்லாவற்றையும் சேர்த்தே பெரிதாக்கும். ஆகவே பிள்ளை ஆசிரியருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். உதட்டசைவும் தெரிய வேண்டும். ஆசிரியர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் முகம் இருட்டாகத் தெரியும் என்பதையும் சொல்லி வைக்க வேண்டும்.

பார்வை குறைந்த பிள்ளைக்குப் பெரிய எழுத்து, நல்ல வெளிச்சம், பலகையில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் ஆகியவை வேண்டும். எழுத்துக் கூட்டத் திணறுகிற பிள்ளையை, வகுப்பு முன்னால் எழுப்பி நிறுத்திச் சத்தமாகப் படிக்கச் சொல்லக் கூடாது. அதற்குத் தெரிந்த விடையை வாயால் சொன்னால் ஏற்றுக்கொள்ள வேண்டும். எழுத அதிக நேரம் தர வேண்டும். கால் வலுவில்லாத பிள்ளையின் வகுப்பைக் கீழ்த்தளத்தில் வைக்க வேண்டும். சாய்தளமும், உட்காரக்கூடிய கழிப்பறையும் வேண்டும். கழிப்பறைக்குப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு, நீர்க்கடுப்போடு நம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிற பிள்ளைகளும் உண்டு.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காசு தேவையில்லை. அக்கறை இருந்தால் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ஆம் ஆண்டில் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பிருந்த 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இருந்தன. இப்போது 21 வகை. எழுத்துக் கூட்டத் திணறுகிற கற்றல் குறைபாடும், ஆட்டிசமும் இந்தப் பட்டியலில் சேர்ந்தது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான்.

அரசு நிதி பெறும் பள்ளி, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி எல்லாவற்றிலும் பிள்ளையைப் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும், அந்தப் பிள்ளைக்கு எது தேவையோ அதற்கேற்ற ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது சட்டத்தின் 16ஆம் பிரிவு. பாடத்திலும் தேர்விலும் மாற்றம் செய்வது, கூடுதல் நேரம் தருவது, சொல்வதை எழுத ஆள் தருவது இவற்றைப் பேசுவது 17ஆம் பிரிவு. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி என்பது 31ஆம் பிரிவு. பிள்ளையை அடிப்பதும், மனம் நோகத் துன்புறுத்துவதும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் தடை செய்யப்பட்டிருக்கிறது.

இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். நீங்கள் பள்ளிக்கூடத்து வாசலில் போய் நிற்பது பிச்சை கேட்க அல்ல.

சட்டம் இருந்தும் ஏன் நடப்பதில்லை?

இதைத்தான் விவரமாகப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டுக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். விவசாயக் கூலிக் குடும்பம். மூத்தது பெண். சின்ன வயதிலேயே காது மந்தம் என்று கண்டுபிடித்து மெஷின் வாங்கியாயிற்று. ஊர் ஆரம்பப் பள்ளியில் 5ஆம் வகுப்பு வரை நன்றாகத்தான் படித்தது. ஏனென்றால் அங்கே இருந்தது இரண்டு டீச்சர். இரண்டு பேருக்கும் பிள்ளையைத் தெரியும். யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை, எழுதி வைக்க அவசியமும் வரவில்லை.

6ஆம் வகுப்புக்கு 3 கிலோமீட்டர் தள்ளி உயர்நிலைப் பள்ளி. அங்கே பாடத்துக்கு ஒரு ஆசிரியர். உயரமாக இருக்கிறது என்று பிள்ளையைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பிள்ளை வெட்கப்பட்டு மெஷினைத் தலைமுடிக்குள் மறைத்துக்கொண்டது. பேட்டரி தீர்ந்த நாளில் வாய் திறந்து சொல்லவில்லை. கேள்வி கேட்டால் விழித்தது. "கவனமே இல்லை" என்று குறிப்பேட்டில் எழுதி அனுப்பினார்கள். அரையாண்டுத் தேர்வில் மூன்று பாடம் போயிற்று. வீட்டில் என்ன பேச்சு? "இவளுக்குப் படிப்பு ஏறலை. எட்டாவது முடிச்சா மில்லுக்கு அனுப்பிடலாம், அப்புறம் ஒரு இடம் பார்த்துக் கட்டிக் கொடுத்துடலாம்."

பாருங்கள், பிள்ளையின் காது ஐந்தாவதில் இருந்தது போலவேதான் ஆறாவதிலும் இருக்கிறது. புத்தியும் அப்படியேதான் இருக்கிறது. மாறியது பள்ளிக்கூடம். பிள்ளை புதுப் பள்ளிக்குப் போனது. ஏற்பாடு கூடவே போகவில்லை. அதனால் ஒரு பெண்ணின் வாழ்க்கையே வேறு பாதையில் திரும்பப் பார்க்கிறது.

ஏற்பாடு நின்றுபோக இன்னும் சில காரணங்கள் உண்டு. ஆசிரியர் மாறுதலாகிப் போவார். புதிதாக வந்தவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வகுப்பாசிரியருக்குத் தெரியும், கணக்கு வாத்தியாருக்குத் தெரியாது. ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருவர் திண்டாடுகையில் நல்ல மனது இருந்தும் மறந்துவிடும். ஆசிரியர்கள் எல்லாம் பொல்லாதவர்கள் என்று நினைக்க வேண்டாம். ஆனால் நல்ல மனதை மட்டும் நம்பி நாமும் இருந்துவிடக் கூடாது.

படித்தவர்கள் நடுவிலும் இது நடக்கிறது. 2021 செப்டம்பர் 12 அன்று நடந்த நீட் தேர்வில், எழுதுவதில் குறைபாடு உள்ள ஒரு மாணவிக்கு விதிப்படி 1 மணி நேரம் கூடுதலாக உண்டு. தேர்வு மையத்தில் இருந்தவர்கள் அந்த நேரத்தைக் கொடுக்காமல் விடைத்தாளை வாங்கிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. மாணவிக்கு நேர்ந்த அநீதியைச் சரிசெய்ய வழி காண வேண்டும் என்றும், தேர்வு மையத்தில் பணிபுரிவோருக்கு இந்த விதிகளைச் சொல்லிப் பயிற்சி தர வேண்டும் என்றும் அதே ஆண்டு நவம்பர் 23இல் தீர்ப்பு வந்தது. ஆனால் மறுதேர்வு கிடைக்கவில்லை. போன நேரம் போனதுதான். ஆகவே தேர்வு நாள் வந்த பிறகு வாதாடுவதைவிட, முன்கூட்டியே உறுதி செய்துகொள்வதே மேல்.

"பாராத பயிரும் கேளாத கடனும் பாழ்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்ட ஏற்பாடும் அப்படியே. ஒரு தரம் கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காவிட்டால் பாழ்தான்.

செய்ய வேண்டியவை

முதலாவது, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து பேசுங்கள். "உங்க வம்சத்துல இருக்கு", "நீ கர்ப்பத்துல சரியா சாப்பிடலை" என்ற பேச்சை விடுங்கள். குறைபாடு யார் செய்த பாவமும் இல்லை. அடுத்த குழந்தை வேண்டும் என்று நினைக்கிறவர்கள், குறிப்பாகச் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள், முன்கூட்டியே டாக்டரிடம் ஆலோசனை கேளுங்கள்; அது வேறு விஷயம். இப்போது இருக்கிற பிள்ளைக்கு என்ன வேண்டும் என்பதைப் பேசுங்கள். பிள்ளையிடமும் கேளுங்கள். எந்த வகுப்பில் புரிகிறது, எந்த வகுப்பில் புரியவில்லை என்று அதுவே சொல்லும்.

இரண்டாவது, காகிதங்களைச் சரிசெய்யுங்கள். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் வருகிற நடமாடும் மருத்துவக் குழுவிடம் பிள்ளையைக் காட்டுங்கள். அவர்கள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் மருத்துவச் சான்றிதழுக்கும் விண்ணப்பம் போடுங்கள். கற்றல் குறைபாட்டை மட்டும் மிகச் சின்ன வயதில் உறுதியாகச் சொல்ல முடியாது. 3ஆம் வகுப்பு, 8 வயது வாக்கில்தான் தெளிவாகும். சான்றிதழில் காலக்கெடு போட்டிருந்தால் தேதியைக் குறித்து வையுங்கள்.

மூன்றாவது, எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது வாசலோடு போகும். "பிள்ளையை நல்லா கவனிச்சுக்கோங்க" என்று பொதுவாக எழுதினால் பயன் இல்லை. யார், எப்போது, என்ன செய்ய வேண்டும் என்று எழுத வேண்டும். இரண்டு பிரதி எழுதி, ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் தேதியோடு கையெழுத்தும் பள்ளி முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போடத் தயங்கினால் அதே கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவர்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ, படித்த உறவுப் பிள்ளையிடமோ சொல்லி எழுதிக்கொள்ளலாம். கடிதம் இப்படி இருக்கலாம்:

"மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு, வணக்கம். எங்கள் மகள் தங்கள் பள்ளியில் 6ஆம் வகுப்பு ஆ பிரிவில் படிக்கிறாள். அவளுக்கு இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு. மருத்துவச் சான்றிதழ் நகல் இணைத்துள்ளோம். அவள் பாடங்களைக் கேட்டுப் புரிந்துகொள்ளக் கீழ்க்கண்ட ஏற்பாடுகளைச் செய்து தர வேண்டுகிறோம். 1. எல்லாப் பாட வேளையிலும் முன் வரிசையில் இடம். 2. பாடம் சொல்லும்போது அவள் பக்கம் முகம் பார்த்துப் பேசுதல். 3. வீட்டுப்பாடத்தையும் தேர்வுத் தேதியையும் பலகையில் எழுதிப் போடுதல். 4. சொல்வதை எழுதும் தேர்வில் அவள் அருகில் நின்று சொல்லுதல். 5. பக்கத்தில் குறிப்பெடுத்து உதவும் ஒரு தோழி. இதை அவளுக்குப் பாடம் எடுக்கும் எல்லா ஆசிரியர்களுக்கும் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம். ஒரு மாதம் கழித்து நேரில் வந்து எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறோம். இப்படிக்கு, தாய், தந்தை."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மறுபடி வருவார்கள் என்று தெரிந்தால்தான் காகிதம் நகரும்.

நான்காவது, துணை சேர்த்துக்கொள்ளுங்கள். வட்டார வள மையத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவரும் இருக்கிறார்கள். உங்கள் பள்ளிக்கு எந்தப் பயிற்றுநர் வருகிறார், என்றைக்கு வருகிறார் என்று கேட்டு அன்றைக்குப் போய்ப் பாருங்கள். பிள்ளைக்கென்று தனிக் கல்வித் திட்டம் எழுதியிருந்தால் அதைக் காட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எழுதச் சொல்லுங்கள். பள்ளியின் எமிஸ் பதிவில் பிள்ளையின் குறைபாடு ஏறியிருக்கிறதா என்றும் கேளுங்கள். அரசுப் பள்ளியின் பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்கள்தான். அங்கே எழுந்து பேசினால் பதிவாகும்.

ஐந்தாவது, பார்த்துக்கொண்டே இருங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டுப் போடுங்கள். எந்தத் தேதியில் யாரைப் பார்த்தோம், என்ன சொன்னார்கள், பிறகு நடந்ததா, இந்த மூன்றும் போதும். பள்ளி திறந்த முதல் வாரம், காலாண்டு முடிந்ததும், அரையாண்டு முடிந்ததும் என்று ஆண்டில் மூன்று தரமாவது போய் வாருங்கள். வகுப்பு மாறினாலும், ஆசிரியர் மாறினாலும், பள்ளி மாறினாலும் பழைய கடிதத்தின் நகலைப் புதியவரிடம் நீங்களே கொடுங்கள்.

ஆறாவது, நடந்ததற்கு நன்றி சொல்லுங்கள். "நீங்க முன்னாடி உட்கார வச்சதிலிருந்து பொண்ணு வீட்டுல வந்து பாடம் சொல்லுதுங்க டீச்சர்" என்று ஒரு வார்த்தை சொன்னால், அது பத்துக் கடிதத்துக்குச் சமம். குறை சொல்ல மட்டுமே வருகிறவர்கள் என்று பெயர் எடுக்காதீர்கள்.

முன்னே சொன்ன குடும்பம் இதைச் செய்தால் என்ன ஆகும்? எல்லாம் ஒரே நாளில் மாறிவிடாது. தமிழ் டீச்சரும் அறிவியல் டீச்சரும் உடனே மாற்றிக்கொள்வார்கள். கணக்கு வாத்தியார் பழக்க தோஷத்தில் பலகையைப் பார்த்தே பேசுவார். இன்னும் இரண்டு தரம் நினைவுபடுத்த வேண்டியிருக்கும். அதுவரை பக்கத்துத் தோழியின் குறிப்பு கைகொடுக்கும். ஆண்டுத் தேர்வில் எல்லாப் பாடத்திலும் முதல் மதிப்பெண் வாங்காவிட்டாலும், படிப்பை நிறுத்துகிற பேச்சு வீட்டில் நின்றுவிடும். அது போதாதா?

பொதுத் தேர்வுக்கு முன்

10ஆம் வகுப்பு, 12ஆம் வகுப்புப் பொதுத் தேர்வில் குறைபாட்டுக்கு ஏற்பக் கூடுதலாக 1 மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு போன்றவை உண்டு. ஆனால் தானாக வராது. மருத்துவச் சான்றிதழோடு தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் துறைக்கு விண்ணப்பம் போக வேண்டும். ஆகவே பள்ளி திறந்த மாதமே ஆரம்பியுங்கள். அனுமதி ஆணை வந்ததும் நகல் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். தேர்வுக்கு முந்தின வாரம் தேர்வு மையத்துக்கே போய், "எங்க பிள்ளைக்கு இந்த ஏற்பாடு உண்டு, தெரியுமுங்களா?" என்று கேட்டு வாருங்கள். தேர்வன்று ஆணையின் நகல் பிள்ளையின் கையில் இருக்கட்டும். இன்னொன்று, சொல்லச் சொல்ல ஒருவர் எழுதுவது பழக வேண்டிய வேலை. காலாண்டு, அரையாண்டுத் தேர்விலேயே அந்த வசதியைக் கேட்டுப் பழக்குங்கள்.

கேட்டும் நடக்கவில்லை என்றால்?

படிப்படியாகப் போங்கள். முதலில் வகுப்பாசிரியர். அடுத்தது தலைமையாசிரியர். அதற்கடுத்து, ஆரம்ப, நடுநிலைப் பள்ளியானால் வட்டாரக் கல்வி அலுவலர். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளியானால் மாவட்டக் கல்வி அலுவலர். அவருக்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர். தனியார் பள்ளிகளுக்கென்று தனியே மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் நடத்தும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவித் தொலைபேசி எண் 14417. பிள்ளையை அடித்தால், துன்புறுத்தினால் 1098.

இதற்கும் அசையாவிட்டால் சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதலாம். விசாரணைக்கு ஆளை வரவழைக்க அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரை செய்தால், என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று 3 மாதத்துக்குள் சம்பந்தப்பட்டவர்கள் தெரிவிக்க வேண்டும். அங்கே உங்களுக்காகப் பேசப் போவது அந்த நாற்பது பக்க நோட்டும், முத்திரை போட்ட கடிதமும்தான். வாய்ச் சண்டை போட்டவர்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

கூட்டத்தில் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்

"கேட்டா பிள்ளை மேல கோபத்தைக் காட்ட மாட்டாங்களா?"

நியாயமான பயம். அதனால்தான் முதலில் மரியாதையாக, தனியாக, வகுப்பு இல்லாத நேரத்தில் பேசச் சொல்கிறோம். இருவரும் சேர்ந்து போங்கள். அம்மாவுக்குப் பிள்ளையின் அன்றாடச் சங்கடம் தெரியும். அப்பாவும் கூட வந்தால், இந்த வீடு விட்டுவிடப் போவதில்லை என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு நாள் கூலி போகும்தான். ஆண்டில் மூன்று நாள் கூலி பிள்ளையின் படிப்பைவிடப் பெரிதல்ல. கேட்காமல் இருந்தால் கோபம் வராது என்றும் சொல்ல முடியாது. காது கேளாததைக் கவனக்குறைவு என்று நினைத்துத் திட்டு வாங்கிக்கொண்டுதானே இருக்கிறது பிள்ளை?

"சான்றிதழ் இன்னும் கைக்கு வரலை. கேட்கலாமுங்களா?"

தாராளமாகக் கேளுங்கள். முன் பெஞ்சில் உட்கார வைக்கவும், முகம் பார்த்துப் பேசவும் சான்றிதழ் எதற்கு? டாக்டர் சீட்டைக் காட்டினால் போதும். பொதுத் தேர்வுக்குத்தான் மருத்துவச் சான்றிதழ் கட்டாயம் வேண்டும். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோய் உள்ள ஒருவர் தொடுத்த வழக்கில், 40 சதவீதம் என்ற அளவு இல்லாவிட்டாலும் எழுத உதவியாளர் கேட்கும் உரிமை உண்டு என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. "சதவீதம் பத்தாது, ஒன்றும் செய்ய முடியாது" என்று யாராவது சொன்னால் அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள்.

"இங்க சரிப்படாது, சிறப்புப் பள்ளியில சேருங்கன்னு சொல்றாங்களே?"

சில பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளி நல்லதாகவே இருக்கும். கைஜாடை மொழியில் பாடம், பிரெயில் எழுத்து இவை அங்கே நன்றாகக் கிடைக்கலாம். ஆனால் 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்குப் பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சட்டம் பிள்ளையின் பக்கம்தான் வைத்திருக்கிறது. சிறப்புப் பயிற்றுநரிடமும் டாக்டரிடமும் கலந்து நீங்கள் முடிவு செய்யுங்கள். வேண்டாம் என்று தள்ளிவிடுவதற்காகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

"பொம்பளைப் பிள்ளைக்குச் சான்றிதழ் வாங்கினா, நாளைக்கு யாருங்க கட்டிக்குவாங்க?"

மறைத்து வைத்தால் குறை தீர்ந்துவிடுமா? கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தால் யாருக்குக் கஷ்டம்? படிப்பும் கையில் ஒரு வேலையும் உள்ள பெண்ணைப் பற்றி ஊர் பேசுகிற பேச்சு வேறு. படிப்பை நிறுத்தி வீட்டில் உட்கார வைத்த பெண்ணைப் பற்றிப் பேசுகிற பேச்சு வேறு. 18 வயதுக்கு முன் கல்யாணம் சட்டப்படி குற்றம் என்பதும் நினைவிருக்கட்டும். குறை உள்ள பெண்ணுக்குப் படிப்பு மற்றப் பெண்ணைவிடக் கூடுதலாக வேண்டும். நமக்குப் பின்னால் அவளைக் காப்பது அதுதான். கூடப் பிறந்தவர்கள் தலையில் அவளைக் காலம் முழுக்கச் சுமத்திவிட்டுப் போவது இரண்டு பிள்ளைகளுக்கும் செய்கிற அநியாயம்.

நினைவில் வைக்க வேண்டியவை

தனி ஏற்பாடு பிள்ளையின் உரிமை.
வாயால் சொல்வதோடு நிற்காமல் எழுதிக் கொடுங்கள். முத்திரையோடு நகல் வாங்குங்கள்.
பாடம் எடுக்கும் எல்லா ஆசிரியருக்கும் தெரியும்படி செய்யுங்கள்.
வகுப்பும் ஆசிரியரும் பள்ளியும் மாறும்போதெல்லாம் மறுபடி சொல்லுங்கள்.
பொதுத் தேர்வு ஏற்பாட்டைப் பள்ளி திறந்த மாதமே தொடங்குங்கள்.
தாயும் தகப்பனும் சேர்ந்தே போங்கள்.

சான்றிதழைப் பெட்டியில் பூட்டி வைத்தால் அது வெறும் காகிதம். பள்ளிக்கூடத்து மேசைக்குப் போனால்தான் அதனால் பிள்ளைக்குப் பலன். இன்று இரவு சாப்பிட்டு முடித்ததும், பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "எந்தக் கிளாஸ்ல உனக்குச் சரியா புரியலை?" என்று கேளுங்கள். அது சொல்வதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு இந்த வாரமே பள்ளிக்கூடத்துக்குப் போய் வாருங்கள்.

இதைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிடாமல் அடுத்த வீட்டாருக்கும் கொடுங்கள்.